புரதப் பாலிமர் வேண்டும்: பட்டுக்கூடா, பாக்டீரியாவா, கொலாஜனா?

மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் மதுரையில் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் இறுதியாண்டு மாணவி. புராஜெக்ட்டுக்கு எலாஸ்டின் வகைப் பாலிமர் செய்வதா, பட்டு ஃபைப்ராயின் எடுப்பதா என்று வழிகாட்டிக்கும் அவருக்கும் இழுபறி. இன்னொருவர் திருமங்கலத்து மருந்தாளுநர். ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குப் போடும் கட்டுப்பொருள் தயாரிக்கும் சிறு தொழில் தொடங்க நினைக்கிறார். மூன்றாமவர் கண் மருத்துவம் முதுநிலை படிப்பவர். விழிவெண்படலத்துக்கு (கார்னியா) செயற்கைக் கொலாஜன் என்று படித்துவிட்டு, நாமும் இங்கே செய்ய முடியாதா என்று கேட்கிறார்.

புரதப் பாலிமர் என்பது சில அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும் நீண்ட சங்கிலி. பட்டு நூலின் புரதமான ஃபைப்ராயினும், தோலுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டினும், தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜனும் இயற்கை தந்தவை. அவற்றின் துணுக்கை நாமே வடிவமைத்து, அதற்கான டி.என்.ஏ.வை ஒரு நுண்ணுயிருக்குள் வைத்துப் புரதமாகச் செய்ய வைப்பதுதான் பொறியியல் புரதப் பாலிமர். இப்படி வேறோர் உயிருக்குள் மரபணுவை வைத்துச் செய்யும் புரதத்தை ‘மறுசேர்க்கை’ப் புரதம் என்பார்கள். நைலான், பாலிஎத்திலீன் போன்றவற்றில் சங்கிலிகள் நீளமும் குட்டையுமாகக் கலந்து வரும். இதில் மரபணு சொன்ன நீளம்தான் எல்லாச் சங்கிலிக்கும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கட்டுரைகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது வலிமை எண்கள். சிலந்தியின் இழுவை நூல் 1 கிகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும், பூச்சிகளின் ரப்பர் போன்ற புரதமான ரெசிலின் இழுத்துவிட்டால் கொடுத்த ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும் என்று வரும். அந்த எண்களை ஓரமாக வையுங்கள். நம் ஊர் ஆய்வகத்தில் ஒரு புராஜெக்ட் நிற்பதும் விழுவதும் சுத்திகரிப்பில்தான். என் முதல் கேள்வி எப்போதும் இது: அமினோ அமில வரிசையை மாற்ற முடிவதால் உங்கள் வேலைக்கு ஏதாவது கிடைக்கிறதா? குறிப்பிட்ட வெப்பத்தில் திரள வேண்டும், மருந்துப் புரதத்தோடு ஒட்டியே பிறக்க வேண்டும், குறிப்பிட்ட நொதி வந்தால் அறுபட வேண்டும் என்றால் கிடைக்கிறது. வெறும் படலமும் பஞ்சும்தான் தேவை என்றால் கிடைக்கவில்லை. அப்போது மரபணுப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது எண்டோடாக்சின். ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் இந்த நஞ்சு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நோயெதிர்ப்புச் செல்கள் கொதித்தெழும். மருத்துவச் சாதனம் ஒன்றுக்கு 20 அலகு என்பது அமெரிக்க வரம்பு; மூளைத் தண்டுவட நீரைத் தொடும் சாதனத்துக்கு 2.15 அலகுதான். மூன்றாவது, வெப்பம். எல்லா நெறிமுறையிலும் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருக்கும். அது அமெரிக்காவின் பாஸ்டனிலோ டர்ஹமிலோ உள்ள அறை. சித்திரை மாதத்து மதுரை அறை அல்ல. செல் ஒட்டுமா, எத்தனை நாளில் கரையும், ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது) தாங்குமா, அனுமதி எந்த மேசைக்குப் போகும் என்பவை மற்றவை.

| | பட்டு ஃபைப்ராயின் | எலாஸ்டின் வகை | மறுசேர்க்கைக் கொலாஜன் | சிலந்திப் பட்டு |
|---|---|---|---|---|
| வரிசையை மாற்ற | முடியாது | முழுக்க முடியும் | ஓரளவு | முடியும் |
| சுத்திகரிப்பு | வேகவைத்து, கரைத்து, டயாலிசிஸ் | சூடு–குளிர் சுற்று | கடினம் | கடினம் |
| எண்டோடாக்சின் | குறைவு | பெரிய தொல்லை | ஈஸ்ட், தாவரம் என்றால் குறைவு | ஈ.கோலை என்றால் தொல்லை |
| செல் ஒட்டுதல் | சுமார் | தானாக இல்லை | நன்று | தானாக இல்லை |
| மதுரைக் கோடை | கரைசல் ஜெல்லாகிவிடும் | பெஞ்சிலேயே பிரியும் | ஹைட்ராக்சில் இல்லையேல் உருகும் | கட்டியாகும் |
| ஒரு செமஸ்டரில் | முடியும் | பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) கையில் இருந்தால் | முடியாது | முடியாது |

## பட்டு ஃபைப்ராயின்

போடி, சின்னமனூர் பக்கம் மல்பெரி போட்டிருக்கும் விவசாயி வீட்டுக் கூடு போதும். புழுப் பட்டின் கனச்சங்கிலி ஏறக்குறைய 390 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). கிளைசின், அலனின், செரின் மாறி மாறி வரும் துணுக்குகள். இவ்வளவு பெரிய, இவ்வளவு ஒழுங்கான புரதத்தை ஈ.கோலையில் செய்யச் சொன்னால் திணறிவிடும். புழு செய்து கூட்டில் சுற்றியே வைத்திருக்கிறது.

முறை எளிது. 2 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட் போட்டுக் கொதிக்க வைத்து, நறுக்கிய கூடு 5 கிராமை 30 நிமிடம் வேகவைத்தால் செரிசின் பசை கழன்றுவிடும். நன்றாக அலசி உலர்த்தி எடை பாருங்கள். கூட்டில் கால் பங்குக்கு மேல் செரிசின் என்பதால் 5 கிராம் சுமார் 3.6 கிராமாக இறங்கியிருக்க வேண்டும். 4.5 கிராம் நின்றால் பசை இன்னும் போகவில்லை. செரிசினும் ஃபைப்ராயினும் சேர்ந்து உடலுக்குள் போனால்தான் அழற்சி வரும். அப்புறம் 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் கரைத்து, சவ்வுப் பையில் ஊற்றி நீரில் வைத்து உப்பைப் போக்கும் டயாலிசிஸ் இரண்டு நாள். கையில் ஏழெட்டு சதவீதக் கரைசல் தேன் நிறத்தில் நிற்கும்.

எங்கே செலவு ஒளிந்திருக்கிறது? முதலில் லித்தியம் புரோமைடு. ஒவ்வொரு முறையும் தாராளமாகச் செலவாகும், திரும்ப வராது. கால்சியம் குளோரைடு, எத்தனால், தண்ணீர் மூன்றையும் 1:2:8 மோல் விகிதத்தில் கலந்தும் கரைக்கலாம், மலிவு. ஆனால் மிச்சக் கால்சியம் கரைசலைச் சீக்கிரம் ஜெல்லாக்கும். இதே காரணத்துக்காகத்தான் போர்வெல் தண்ணீரை அலசுவதற்குக்கூடத் தொடாதீர்கள் என்கிறேன். அடுத்தது வேகவைக்கும் நேரம். ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும், பசை நன்றாகப் போகும்’ என்று ஒரு மணி நேரம் விட்டால் சங்கிலிகள் அறுந்து, படலம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

கூடு வாங்கும்போது மாணவர்கள் ஒரே தவறைச் செய்கிறார்கள், மலிவு என்று கறைக்கூட்டைக் கேட்பது. போடியில் ஒரு விவசாயியிடம் இப்படித்தான் ஒரு பையன் கேட்டான். “அண்ணே, கறை படிஞ்ச கூடு கம்மியா கிடைக்குமா?” அவர் சிரித்துவிட்டார். “அதுக்குள்ள புழு செத்து அழுகிக் கெடக்கும் தம்பி. இரட்டைக் கூடு எடுத்துட்டுப் போங்க. நூல் சிக்கும்னு ரீலிங்காரங்க தள்ளிருவாங்க, உங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது.” இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூடு அது, நூலாக இழுக்கத்தான் உதவாது, கத்தரியால் நறுக்குகிற நமக்கு முதல்தரம். படுக்கையில் என்ன கிருமிநாசினித் தூள் தூவினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்துப் பஞ்சு நூலை உரித்துவிடுங்கள், தூசியும் தூளும் அதில்தான் இருக்கும்.

உலர்ந்த பஞ்சும் படலமும் ஆட்டோகிளேவைத் தாங்கும், இது சிறிய விஷயம் அல்ல. மெத்தனாலிலோ நீராவியிலோ வைத்துப் புரதத்தின் மடிப்பை இறுக்கினால் கரையும் காலத்தைச் சில வாரத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேல்வரை நகர்த்தலாம். செல் ஒட்ட உதவும் ஆர்.ஜி.டி. துணுக்கு மல்பெரிப் பட்டில் இல்லை. காட்டுப் பட்டான டசரில் இருக்கிறது. ஆனால் டசரைக் கரைப்பது தனிப் போராட்டம், லித்தியம் புரோமைடுக்கு அது லேசில் மசியாது.

கட்டுப்பொருள், குருத்தெலும்புக்கான பஞ்சு, மெதுவாக மருந்து விடும் படலம் என்றால் பட்டைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. 5 கிராம் கூடு மூன்றரை கிராம் புரதம் தருகிறது. அதே எடைக்கு ஈ.கோலை வளர்ப்பு எத்தனை லிட்டர் வேண்டும் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

## எலாஸ்டின் வகைப் பாலிமர்

ஆய்வகத்தில் ஈ.எல்.பி. என்றே சொல்வார்கள். வேலின், புரோலின், கிளைசின், ஏதோ ஒன்று, மறுபடி கிளைசின்: இந்த ஐந்து அமினோ அமிலங்கள்தான் துணுக்கு. நான்காவது இடத்தில் புரோலினைத் தவிர எதையும் வைக்கலாம். அமெரிக்காவில் டான் அர்ரி பல பத்தாண்டுகள் இதைத் தோண்டினார். பிறகு டியூக் பல்கலைக்கழகத்தில் ஆஷுதோஷ் சில்கோட்டி குழு இதை ஈ.கோலைக்குக் கொண்டுவந்து ஒரு தொழில்நுட்பமாகவே ஆக்கியது.

இதன் குணம் விசித்திரமானது. குளிரில் கரைந்திருக்கும், சூடாக்கினால் பிரிந்து வரும். எந்த வெப்பத்தில் பிரியும் என்பது அந்த நான்காவது இடத்து அமினோ அமிலத்தையும் சங்கிலி நீளத்தையும் உப்பையும் செறிவையும் பொறுத்தது. எல்லாமே வேலின் என்றால் நீண்ட சங்கிலி 30 டிகிரிக்குக் கீழேயே பிரியும்; அலனின், கிளைசின் கலந்தால் மேலே ஏறும். 1999-இல் டான் மேயரும் சில்கோட்டியும் காட்டிய சுத்திகரிப்பு இதை வைத்துத்தான்: உப்புப் போட்டுச் சூடாக்கி சென்ட்ரிஃபியூஜில் சுற்று, அடியில் வருவதைக் குளிர்ந்த பஃபரில் கரை, குளிரில் மறுபடி சுற்றி அழுக்கைத் தள்ளு. இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். புரதத்தை வடித்துப் பிரிக்கும் நிரல் குழாய் (column) வேண்டாம், அதில் நிரப்பும் ரெசின் வேண்டாம். பணம் இல்லாத ஆய்வகத்துக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

வில்லங்கம் மூன்று இடத்தில் வரும். முதலாவது மரபணு. ஒரே வரிசை தொண்ணூறு தடவை திரும்ப வரும் டி.என்.ஏ.வை நிறுவனத்திடம் செய்து தரச் சொன்னால் ‘சிக்கலான வரிசை’ என்று ஆர்டரையே திருப்பிவிடுவார்கள். பி.சி.ஆர். வழுக்கும், பாக்டீரியாவே நடுவில் சில துணுக்கைக் கழற்றிவிடும், சீக்வென்சிங் நடுப்பகுதிவரை போகாது. துணுக்கை இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கி நீட்டும் குளோனிங் முறை இருக்கிறது. அதைச் செய்து முடிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஏற்கெனவே இதில் வேலை செய்த ஆய்வகத்திடம் பிளாஸ்மிட் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கடிதம், ஒப்பந்தம், கூரியர் என்று அதற்கும் மாதங்கள் ஓடும். ஆடியில் கேட்டால்தான் கார்த்திகையில் கைக்கு வரும். மரபணு மாற்ற வேலை என்பதால் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும்.

இரண்டாவது, புரதம் வந்ததா இல்லையா என்றே தெரியாது. டிரிப்டோபேன், டைரோசின் இல்லாததால் புரதத்தை அளக்கும் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பூஜ்யம் காட்டும். பிராட்ஃபோர்டு என்ற சாயச் சோதனையில் நிறம் மாறாது. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லைக் கூமாசிச் சாயத்தில் போட்டால் பட்டை தெரியாது. தாமிரக் குளோரைடில் போடுங்கள்: ஜெல் முழுக்க வெண்மையாகி, புரதம் இருக்கும் இடம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். அதுவும் கணக்கிட்ட எடையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மேலே ஓடும். ‘தப்பான புரதம்’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிதாக வடிவமைப்பவர்கள் கடைசியில் ஒரு டிரிப்டோபேனைச் சேர்த்துவிட்டால் பாதித் தலைவலி போகும்.

மூன்றாவது நம் வெயில். ஊசி வழியே திரவமாகப் போய், உடலின் 37 டிகிரியில் திரண்டு, மெதுவாக மருந்து விடும் கிடங்கு என்பதுதான் ஈ.எல்.பி.யின் பெரிய வாக்குறுதி. குளிர்நாட்டில் அறைக்கும் உடலுக்கும் நடுவே பதினைந்து டிகிரி இடைவெளி உண்டு, பிரியும் வெப்பத்தை அதற்குள் எங்கும் வைக்கலாம். அக்கினி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாத மதுரை அறையே 37-ஐத் தொடும். இடைவெளியே இல்லை. சிரிஞ்சுக்குள்ளேயே பால் மாதிரி திரிந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே ஏற்ற வேண்டும், கரண்டு போனால் ஐஸ் பெட்டி வேண்டும். இங்கே பயன்படப்போகும் பொருளை வடிவமைக்கிறவர்கள் இதை முதல் நாளே கணக்கில் எடுக்க வேண்டும்.

திரண்டாலும் அது கெட்டியான ஜெல் அல்ல, வெறும் கொழகொழப்பு. கெட்டியாக வேண்டுமென்றால் நான்காவது இடத்தில் இடையிடையே லைசின் வைத்துக் குறுக்கே பிணைக்க வேண்டும், அல்லது பட்டுத் துணுக்கையும் எலாஸ்டின் துணுக்கையும் மாற்றி மாற்றிக் கோத்த கலப்பினத்துக்குப் போக வேண்டும். நல்ல மரபணுக் கட்டமைப்பு என்றால் ஒரு லிட்டர் வளர்ப்பில் நூறு மில்லிகிராமுக்கு மேல் வரும். பட்டின் மூன்றரை கிராமுக்கு இணையாக வேண்டுமென்றால் 35 லிட்டர் ஷேக்கரில் ஆட வேண்டும். விலங்குக்குள் ஏற்றும் எண்ணம் இருந்தால் சூடு–குளிர் சுற்று எண்டோடாக்சினைக் குறைக்குமே தவிர போக்காது. தனியாக ஒரு படி வைத்து, ஒவ்வொரு தொகுப்பையும் சோதிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஈ.எல்.பி.யைச் செய்யச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: வெப்பத்தில் மாறும் அந்தக் குணம்தான் ஆராய்ச்சிக் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு நொதியை ஈ.எல்.பி.யோடு ஒட்டிப் பிறக்க வைத்து, நிரல் குழாய் இல்லாமல் பிரித்தெடுப்பது அருமையான எம்.எஸ்சி. புராஜெக்ட். செல்லுக்கான பஞ்சு செய்ய இதைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

## கொலாஜன்

கொலாஜன் என்றால் தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்தம் உண்டு. மூன்று இழை முறுக்கிய அதன் வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். கங்காரு வால் தசைநாரிலிருந்து எடுத்த மாதிரி அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது.

மனிதக் கொலாஜனை ஈ.கோலையில் அப்படியே செய்ய முடியாததற்குக் காரணம் ஒரு சிறு ஹைட்ராக்சில். புரோலினில் அதை ஏற்றும் நொதி பாக்டீரியாவிடம் இல்லை. ஏற்றாவிட்டால் மூன்றிழை முறுக்கு 25 டிகிரிக்குப் பக்கத்திலேயே அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். மார்கழிக் காலையைத் தவிர மதுரையில் அந்த வெப்பத்துக்குக் கீழே அறை இருக்கிறதா? அதனால்தான் ஈஸ்ட்டில் அந்த நொதியின் மரபணுவையும் சேர்த்தே வைக்கிறார்கள். இஸ்ரேலில் கால்பிளான்ட் புகையிலைச் செடியில் ஐந்து மனித மரபணுக்களை ஏற்றி முதல் வகைக் கொலாஜன் எடுக்கிறது. ஸ்டிரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் கொலாஜன் போன்ற புரதத்துக்கு ஹைட்ராக்சில் தேவையில்லை, 36 டிகிரிவரை நிற்கும், ஈ.கோலையிலேயே செய்யலாம். ஆனால் செல் ஒட்டும் இடம் அதில் கிடையாது, நாமே வைக்க வேண்டும்.

கண் மருத்துவருக்கு இந்தக் கதை. சுவீடனின் லிங்ஷோப்பிங்கில் ஈஸ்ட்டில் செய்த மூன்றாம் வகை மனிதக் கொலாஜனால் விழிவெண்படலம் செய்து பத்து நோயாளிகளுக்கு வைத்தார்கள். இரண்டாண்டு முடிவு 2010-இல் வந்தது. விழிவெண்படலத்து நரம்புகளும் செல்களும் திரும்பி வளர்ந்தன என்று உலகமே கொண்டாடியது. 2022-இல் அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு குழு, விழிவெண்படலம் மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயாளிகள் இருபது பேருக்கு வைத்துப் பார்த்தது, டெல்லி எய்ம்ஸிலும் ஈரானிலும். முன்பு பார்வையற்ற நிலையில் இருந்த பதினான்கு பேரில் ஒருவரும் அந்த நிலையில் இல்லை. இந்தத் தடவை கொலாஜன் ஈஸ்ட்டிலிருந்து வரவில்லை. இறைச்சித் தொழிலில் கழிக்கும் பன்றித் தோலிலிருந்து, மருத்துவத் தரத்துக்குச் சுத்திகரித்து வந்தது. மறுசேர்க்கைக் கொலாஜன் விலங்கின் நோய்க்கிருமி பயத்தைத் தீர்க்கிறது, மத மனத்தடையையும் தீர்க்கிறது. விலையில் தோலிடம் தோற்கிறது.

மீன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்க்கடல் மீனின் கொலாஜன் சீக்கிரம் உருகும். வைகை அணை ஜிலேபிக் கெண்டை வெயில்நாட்டு மீன் என்பதால் அதைவிட நன்றாகத் தாங்கும். பிரேசிலில் அதன் தோலையே தீக்காயத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கொலாஜனையும் ஆட்டோகிளேவில் மட்டும் வைக்காதீர்கள்.

## சிலந்திப் பட்டும் மற்றவையும்

சிலந்திப் பட்டு வேண்டாம். கொரியாவின் சாங் யுப் லீ குழு 2010-இல் ஈ.கோலையில் 285 கிலோடால்டன் சிலந்திப் பட்டைச் செய்ய, கிளைசினைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வை அதிகரிக்கும்படி பாக்டீரியாவையே மாற்ற வேண்டியிருந்தது. புரதம் வந்தாலும் அதை நூலாக இழுப்பது வேறொரு துறை. ஆட்டுப் பாலில் சிலந்திப் பட்டு எடுக்கப் புறப்பட்ட கனடா நிறுவனம் நெக்ஸியா கடையை மூடிவிட்டது.

உண்மையில் மருந்துக்கடைவரை வந்துவிட்ட பொறியியல் புரதப் பாலிமர் யாரும் படம் போடாத ஒன்று: எக்ஸ்டென். ஆறே வகை அமினோ அமிலம் கொண்ட, மடியாத, தளர்வான சங்கிலி. மருந்தோடு ஒட்டிவைத்தால் சிறுநீரகம் அதைச் சீக்கிரம் வெளியேற்றாது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோய்க்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்த எட்டாம் உறைகாரணி மருந்தில் இது இருக்கிறது. வாரம் ஒரு ஊசி போதும். கருத்தரங்குக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

## மூவருக்கும்

மாணவிக்கு: இன்று கையில் பிளாஸ்மிட் இருந்தால் ஈ.எல்.பி., இல்லையென்றால் பட்டு. ‘வரும்’ என்று யாரோ சொன்ன பிளாஸ்மிட்டை நம்பி தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். வழிகாட்டி பொறியியல் புரதம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பட்டுப் படலத்தின் மேல் ஆர்.ஜி.டி. சேர்த்த சிறு ஈ.எல்.பி.யைப் பூசும் தலைப்பைச் சொல்லிப் பாருங்கள். சில மில்லிகிராம் போதும், பாக்டீரியா சொதப்பினாலும் பட்டுப் பாதி கையில் நிற்கும்.

கண் மருத்துவருக்கு: கொலாஜனைச் செய்ய முயல வேண்டாம். மருத்துவத் தரக் கொலாஜனை வாங்கி, அதைக் குறுக்கே பிணைப்பதிலும் தையல் தாங்கும் வலிமையிலும் கேள்வியை வையுங்கள். செய்முறை வெளிப்படையாகப் பிரசுரமாகியிருக்கிறது. ஒளி ஊடுருவலை அளக்கும் கருவி உங்கள் வளாகத்திலேயே இருக்கும்.

திருமங்கலத்து அன்பருக்கு: பட்டு. மறுசேர்க்கைப் பொருள் எதுவும் உங்கள் முதலீட்டுக்குத் தாங்காது. 2017 மருத்துவச் சாதன விதிகளில் ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. உடலுக்குள் கரையும் பொருளும் விலங்கு, மறுசேர்க்கை மூலப்பொருளும் பெரும்பாலும் டி-யில் போய் விழும். வெறும் மேல்தோல் கட்டுதானே என்று நினைக்க வேண்டாம், சர்க்கரைப் புண் என்பது உடையாத, முழுமையான தோல் அல்ல. பஞ்சு செய்யும் இயந்திரம் வாங்குவதற்கு முன்பே விதிகள் தெரிந்த ஆலோசகரிடம் வகுப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கூடு எந்த விவசாயி, எந்தத் தேதி, எந்தக் கிருமிநாசினி என்ற பதிவேட்டை முதல் மூட்டையிலிருந்தே தொடங்குங்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.